நோட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனின் ‘சொல்வதை எழுதுதல்’ நோட்டு என் மேசைக்கு வந்தபோது, திறந்த பக்கத்தில் பாதி சிவப்பு மையாக இருந்தது. ஆசிரியர் சொன்ன வாக்கியம் இது: ‘வானம் நீலமாக இருந்தது. பறவைகள் கூட்டுக்குத் திரும்பின.’ பையன் எழுதியிருந்தது: ‘வனம் நிலமக இருதது. பறவைகள் குடுகு திருபின.’ தப்பான சொற்களைச் சுற்றி வட்டம். அடியில், ‘கவனம் இல்லை. பத்து முறை எழுதி வா’ என்று ஒரு குறிப்பு. பையன் எழுதி வந்திருந்தான். பத்து முறையும் ‘வனம்’ என்றே எழுதியிருந்தான். ஏழாவது முறைக்குப் பிறகு எழுத்து கோட்டை விட்டு இறங்கி, பென்சில் அழுத்திய இடத்தில் தாள் கிழிந்திருந்தது.

அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கவனமில்லாத பிள்ளை எங்கு வேண்டுமானாலும் தப்பு விடும். இவன் இரண்டே இடங்களில்தான் தப்பு விடுகிறான். நெடில் வரும் இடமெல்லாம் குறிலாகிவிடுகிறது: ‘வா’ என்பது ‘வ’, ‘நீ’ என்பது ‘நி’, ‘கூ’ என்பது ‘கு’. சொல்லின் நடுவில் வரும் ஒற்று விழுந்துவிடுகிறது: ‘இருந்தது’ என்பதில் ‘ந்’ இல்லை, ‘திரும்பின’ என்பதில் ‘ம்’ இல்லை. ஆனால் சொல்லின் கடைசியில் வரும் ‘ம்’, ‘ள்’ ஒன்றுகூடத் தப்பவில்லை. பலரும் தடுமாறும் ‘ற’வைச் சரியாக எழுதியிருக்கிறான். எழுத்தின் வரிசையும் மாறவில்லை. அதாவது அவனுக்கு எழுத்து தெரியும். காதில் விழும் சொல்லில் எந்த ஒலி நீள்கிறது, எந்த ஒலி அரை நொடி தட்டிவிட்டுப் போகிறது என்பதைப் பிரித்தெடுப்பதுதான் அவனுக்கு எட்டவில்லை. இதைப் பத்து முறை எழுதவைத்துச் சரிசெய்ய முடியாது. தெரியாத ஒன்றைப் பத்து முறை எழுதினால் தப்புதான் பத்து முறை பழகும்.

இப்படிச் சொல்லும் நானும், சிறப்பாசிரியர் பயிற்சிக்குப் போவதற்கு முன் வகுப்பாசிரியராக இருந்த வருடங்களில் இம்போசிஷன் கொடுத்தவள்தான். அந்தப் பிள்ளைகளின் முகங்கள் இன்றும் நினைவில் இருக்கின்றன. அவர்கள் நோட்டில் எனக்காக எல்லாம் எழுதிவைத்திருந்தார்கள். எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. அதனால்தான் இந்த அத்தியாயத்தை மருத்துவரிடமிருந்தோ சட்டத்திலிருந்தோ தொடங்காமல் நோட்டிலிருந்து தொடங்குகிறேன்.

பெயரும் பொருளும்

கற்றல் குறைபாடு என்று பொதுவாகச் சொன்னாலும், சட்டத்திலும் மருத்துவச் சான்றிதழிலும் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்றே இருக்கும். அந்தக் ‘குறிப்பிட்ட’ என்ற சொல் முக்கியம். பிள்ளையின் பொது அறிவு, பேச்சு, புரிதல் எல்லாம் வயதுக்கு ஏற்ப இருக்கும். கடையில் சில்லறை வாங்கி வருவான், பார்த்த படத்தின் கதையை ஒரு காட்சி விடாமல் சொல்வான், மிக்ஸியைக் கழற்றி மாட்டுவான். படிப்பது, எழுதுவது, கணக்குப் போடுவது என்ற வேலைகளில் ஒன்றிலோ இரண்டிலோ மட்டும் மூளை வேறு விதமாக வேலை செய்வதால் சிக்கல் வரும். வாசிப்பில் வந்தால் டிஸ்லெக்சியா, எழுதுவதில் வந்தால் டிஸ்கிராபியா, எண்ணும் கணக்கும் என்றால் டிஸ்கால்குலியா. பல பிள்ளைகளுக்கு இவை கலந்தே இருக்கும். கூடவே கவனக்குறைவும் மிகையியக்கமும் சேர்ந்து வருவதும் உண்டு. அது தனியான சிக்கல், தனியாகப் பார்க்க வேண்டும்.

இது நோயில்லை. வளர்ப்பால் வருவதும் இல்லை, குடும்பத்தில் ஓடுவது. மேலே சொன்ன பையனின் அப்பத்தா என்னிடம் சமாதானமாகச் சொன்னார்: “எம் மகனும் அஞ்சாப்பு வரைக்கும் எழுத்துக்கூட்டிக்கிட்டுத்தான் கெடந்தான் டீச்சர். இப்ப லாரி ஓட்டிச் சம்பாதிக்கலயா? இவனும் தன்னால சரியாயிருவான்.” அப்பத்தா ஆறுதலாகச் சொன்னது எனக்குத் துப்பாக இருந்தது. அப்பாவை அழைத்துப் பேசியபோது, இன்றும் லோடு ரசீதைக் கிளீனர்தான் படித்துக் காட்டுகிறான் என்றார். சரியாகவில்லை, மறைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். குடும்பத்தில் யாராவது ‘படிப்பு ஏறாதவர்’ என்று பெயர் வாங்கியிருந்தால், அதை வெட்கமாக நினைக்காமல் பரிசோதனை செய்பவரிடம் சொல்லுங்கள்.

தமிழ் எழுத்து தடுக்கும் இடங்கள்

டிஸ்லெக்சியா பற்றிய புத்தகங்களில் ஆங்கில உதாரணங்களே நிறைந்திருக்கும். ‘பி’யையும் ‘டி’யையும் மாற்றி எழுதுவது, ‘வாஸ்’ என்பதை ‘ஸா’ என்று படிப்பது போல. தமிழில் படிக்கும் பிள்ளையிடம் அந்த அடையாளங்களைத் தேடினால் கிடைக்காது. நம் எழுத்துக்கென்று தனித் தடுக்குகள் உண்டு.

ஒன்று, உயிர்க்குறி நிற்கும் இடம். ‘கெ’ என்று சொல்லும்போது ‘க்’ முதலில், ‘எ’ பிறகு. எழுதும்போது கொம்பு முன்னால் வந்துவிடுகிறது. ‘கொ’ என்றால் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், நடுவில் ‘க’. காது கேட்கும் வரிசை வேறு, கண் பார்க்கும் வரிசை வேறு. பெரும்பாலான பிள்ளைகள் இதை ஒன்றாம் வகுப்பிலேயே தாண்டிவிடுவார்கள். கற்றல் குறைபாடுள்ள பிள்ளை நான்காம் வகுப்பிலும் ‘கொடி’யைக் ‘கெடி’ என்று படிக்கும். ‘தோழி’ என்று எழுதும்போது காலை மறந்து ‘தேழி’ என்று நிறுத்திவிடும்.

இன்னொன்று, ஓர் எழுத்துக்குப் பல ஒலி. ‘கடை’, ‘தங்கம்’, ‘மகன்’ மூன்றிலும் ஒரே ‘க’தான், ஒலி மூன்று. பெரியவர்களான நமக்கு இது தெரிவதேயில்லை. பிறகு ர-ற, ல-ள-ழ, ன-ண-ந. இந்த எழுத்துகளில் எச்சரிக்கை வேண்டும். ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று வீட்டில் எல்லாரும் சொல்கிற ஊரில் பிள்ளையும் ‘பளம்’ என்றுதான் எழுதும். அது குறைபாடில்லை, ஊர்ப்பேச்சு. அதுபோலவே ‘பாத்துட்டு வந்தேன்’ என்று பேசிவிட்டு ‘பார்த்துவிட்டு வந்தேன்’ என்று படிப்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு சுமைதான்.

தமிழில் எழுத்தைக் கூட்டினால் பெரும்பாலும் சொல் வந்துவிடும். அதனால் நம் பிள்ளைகளிடம் தப்பாகப் படிப்பதைவிட மெதுவாகப் படிப்பதே பெரிய அடையாளம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ‘ப-ற-வை-க-ள்’ என்று ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு முறையும் முதல் தடவை பார்ப்பதுபோலக் கூட்டுகிறதா? முதல் வரியில் கூட்டிப் படித்த அதே சொல்லை மூன்றாம் வரியில் மறுபடி கூட்டுகிறதா? தப்பே இல்லாமல் படித்தாலும் இது கவனிக்க வேண்டிய விஷயம். வரியின் கடைசிக்கு வருவதற்குள் முதல் சொல் மறந்துவிடும்; கதையே புரியாது. அதே கதையை நீங்கள் வாசித்துக் காட்டிக் கேள்வி கேளுங்கள். டக்கென்று பதில் வந்தால், சிக்கல் புரிதலில் இல்லை, வாசிப்பில் இருக்கிறது என்று பொருள். வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகளில் இதைவிடத் தெளிவானது எனக்குத் தெரியாது.

எழுதுவதில் சிக்கல் என்றால் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இருக்காது, பென்சில் பிடி விரலை வெளுக்கவைக்கும், கரும்பலகையிலிருந்து பார்த்து எழுதும்போது பாதியில் மணி அடித்துவிடும். கணக்கில் என்றால் மூன்றாம் வகுப்பிலும் 6+3-க்கு விரல் வேண்டியிருக்கும், 41-ம் 14-ம் ஒன்றாகத் தெரியும், வாய்ப்பாடு இன்று சொன்னது நாளை இருக்காது. மழலையர் வகுப்பில் முன்னறிகுறிகள் உண்டு: பேச்சு தாமதமாக வருவது, ஒரே ஓசையில் முடியும் சொற்களைப் பிடிக்காமல் போவது, நிறம், கிழமைப் பெயர்களை அடிக்கடி மறப்பது. அந்த வயதில் யாரும் முத்திரை குத்தக் கூடாது. கூர்ந்து கவனித்தால் போதும்.

முதலில் விலக்க வேண்டியவை

கண்ணையும் காதையும் பரிசோதிக்காமல் வேறு எதையும் தொடங்காதீர்கள். ‘படிக்கவே மாட்டேன் என்கிறாள்’ என்று கொண்டுவந்து, கண்ணாடி போட்டதும் படிக்கத் தொடங்கிய பிள்ளைகள் உண்டு. அடிக்கடி சளிபிடித்துக் காதில் சீழ் வந்த பிள்ளைக்கு ஒற்றெழுத்துகள் சரியாகக் கேட்டிருக்காது. நீண்ட நாள் பள்ளிக்குப் போகாமல் இருந்தது, வீட்டில் நடந்த சாவு, ஊர் மாறியது எல்லாவற்றையும் கணக்கில் எடுங்கள்.

ஆங்கில வழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளை ஆங்கிலத்தில் மட்டும் தடுமாறினால், அவசரப்பட்டுக் கற்றல் குறைபாடு என்று முடிவுகட்டக் கூடாது. வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைக்கு அது இயல்பான சிரமம். தமிழிலும் அதே வகைத் தடுமாற்றம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு மொழியிலும் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. அரசுப் பள்ளியில் என்றால், ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளை அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் எதில் இருந்தது, எவ்வளவு காலம் அங்கேயே நின்றது என்று ஆசிரியரைக் கேளுங்கள். தனிக்கவனம் கொடுத்த பிறகும் நகரவில்லை என்பது பெரிய தகவல்.

பள்ளியில் எப்படிப் பேசுவது

பெற்றோர் கூட்டத்தன்று, பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது பேசாதீர்கள். தனியாக நேரம் கேட்டுப் போங்கள். கடந்த ஆறு மாத நோட்டுகளைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ‘என் பிள்ளைக்கு டிஸ்லெக்சியா இருக்கு’ என்று தொடங்கினால் சிலருக்கு முகம் இறுகிவிடும். நீங்கள் சாக்குச் சொல்வதாக நினைப்பார்கள். “மிஸ், இந்த மூணு பக்கத்துலயும் ஒரே மாதிரி தப்பு வருது பாருங்க. வாயால கேட்டா எல்லாம் சொல்றான். எழுதச் சொன்னாதான் வரமாட்டேங்குது. வகுப்புலயும் இப்படித்தானா?” என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் அந்தக் கேள்விக்குத்தான் காத்திருப்பார்.

பள்ளி காது கொடுக்கவில்லை என்றால், சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துவைத்திருங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அதற்கு முந்தைய 1995 சட்டத்தில் இல்லாத கற்றல் குறைபாடு இதில் இருக்கிறது. அரசு நிதி பெறும் பள்ளியானாலும் அரசு அங்கீகாரம் மட்டும் பெற்ற தனியார் பள்ளியானாலும், கற்றல் குறைபாட்டைக் கூடிய சீக்கிரம் கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிக்க வழிசெய்வதைச் சட்டத்தின் 16-வது பிரிவு கடமையாக்கியிருக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவை 17-வது பிரிவிலேயே இருக்கின்றன. பள்ளி கருணை காட்டித் தருவதில்லை இவை. பிள்ளையை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் 2009 கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. எல்லார் முன்னாலும் ‘மக்கு’ என்பதும் துன்புறுத்தல்தான். பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணில் புகார் சொல்லலாம். ஆனால் சண்டையில் தொடங்காதீர்கள். பிள்ளை நாளையும் அதே வகுப்பில்தான் உட்கார வேண்டும்.

பரிசோதனைக்கு எங்கே போவது

அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் தலைமையாசிரியரிடம் சொல்லி, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வட்டார வள மையத்தில் (‘பி.ஆர்.சி.’ என்றே எல்லாரும் சொல்வார்கள்) இருக்கும் சிறப்பாசிரியரைச் சந்தியுங்கள். மருத்துவ மதிப்பீட்டு முகாம் எப்போது என்பதை அவர்தான் சொல்வார். குழந்தைகளுக்கான அரசு மருத்துவமனைச் சேவைகளில் ‘டி.இ.ஐ.சி.’ என்று ஒரு மையம் உண்டு, தொடக்கநிலையிலேயே குறைபாடுகளைக் கண்டு உதவுவதற்காக. மருத்துவமனையில் அந்த நான்கு எழுத்தைச் சொல்லிக் கேட்டால் வழிகாட்டுவார்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோர் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1990-களின் தொடக்கத்திலிருந்து இந்த ஒரு விஷயத்துக்காகவே வேலை செய்கிறது. மதிப்பீடு, ஆசிரியர் பயிற்சி, பிள்ளைகள் சில காலம் முழுநேரமாகப் படித்துவிட்டு வழக்கமான பள்ளிக்குத் திரும்பும் ‘அனன்யா’ மையம் ஆகியவை அதன் பணிகள்.

தனியார் உளவியலாளரிடம் போவதென்றால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (ஆர்.சி.ஐ.) பதிவு செய்தவரா என்று கேளுங்கள். பதிவு எண் கேட்பதில் கூச்சம் வேண்டாம். முறையாகப் படித்தவர் அதை அறிக்கையிலேயே போடுவார். ‘தமிழிலும் சோதிப்பீர்களா?’ என்று முதல் நாளே கேளுங்கள். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலச் சொற்பட்டியலை மட்டும் கொடுத்துப் பார்த்த அறிக்கை பாதி அறிக்கைதான்.

அங்கே என்ன நடக்கும்? குழந்தை மருத்துவர் பார்வை, கேட்கும் திறன், நரம்பு மண்டலத்தைப் பார்ப்பார். உளவியலாளர் முதலில் நுண்ணறிவுச் சோதனை வைப்பார். குறை அங்கே இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான். பிறகு வாசிப்பு, எழுத்து, கணக்குச் சோதனைகள். பெங்களூரு நிம்ஹான்ஸ் உருவாக்கிய சோதனைத் தொகுப்பையே அரசு வழிகாட்டுதல் குறிப்பிடுகிறது. ஒரே உட்காரலில் முடியாது. இரண்டு மூன்று முறை வரச்சொல்வார்கள். அரைமணி நேரத்தில் முடித்துச் சான்றிதழ் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். காலையில் சாப்பிடவைத்துக் கூட்டிப்போங்கள். ‘டெஸ்ட்’ என்று சொன்னாலே வயிறு வலிக்கும் பிள்ளைகள் இவர்கள். ‘உனக்கு எந்த வழியில சொல்லிக்கொடுத்தா ஏறும்னு பாக்கப் போறாங்க’ என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட.

அறிக்கை கைக்கு வந்ததும் எண்களை மட்டும் பார்த்துவிட்டு மடித்துவைத்துவிடாதீர்கள். கடைசிப் பக்கத்தில் பரிந்துரைகள் இருக்கும். பள்ளிக்குக் கொடுக்க வேண்டியது அந்தப் பக்கம்தான். அது இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

சான்றிதழ்

இங்கே பெற்றோர் பலர் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். ‘மாற்றுத்திறனாளி’ என்று அட்டை வாங்கினால் நாளைக்குக் கல்யாணத்துக்கு என்ன சொல்வது என்று ஓர் அம்மா அழுதார். அந்தப் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. அவரிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்: அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை. வேண்டிய இடத்தில் காட்டலாம், வேண்டாத இடத்தில் பையில் இருக்கட்டும். ஆனால் பத்தாம் வகுப்புத் தேர்வு அறைக்கு வெளியே நின்றுகொண்டு அதைத் தேடினால் கிடைக்காது.

மத்திய அரசின் வழிகாட்டுதலின்படி, எட்டு வயது நிறைந்த பிறகே கற்றல் குறைபாட்டுக்குச் சான்றிதழ் தருவார்கள். 14 வயதில் ஒருமுறை, 18 வயதில் ஒருமுறை மறுபடி சோதிப்பார்கள். 18-ல் தரும் சான்றிதழ் வாழ்நாள் முழுக்கச் செல்லும். விண்ணப்பத்தை யுடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டைக்கான இணையதளம் வழியாகப் போட வேண்டும். இணையத்தில் விண்ணப்பிக்க வராதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் உதவுவார்கள். எட்டு வயது ஆகவில்லை என்பதற்காகச் சொல்லிக்கொடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். சான்றிதழுக்குத்தான் வயது, உதவிக்கு இல்லை.

சான்றிதழில் சதவீதம் போடுவார்கள். 40-ம் அதற்கு மேலும் என்றால் உயர்கல்வியில் 5 சதவீத இடஒதுக்கீடு உள்ளிட்ட சட்டப் பயன்களுக்கு உரிமை உண்டு. 40-க்குக் கீழே வந்துவிட்டால் எல்லாம் போச்சு என்று உட்கார்ந்துவிடாதீர்கள். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் சிக்கலுள்ள ஒருவரின் வழக்கில், சொல்வதை எழுதுபவரைத் தருவதற்கு 40 சதவீதம் கட்டாயமில்லை என்று தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து 2022 ஆகஸ்டில், எழுதுவதில் சிரமமுள்ள 40-க்குக் கீழானவர்களுக்கும் எழுதுபவரும் கூடுதல் நேரமும் தரும் வழிகாட்டுதல் வந்தது. அதற்கென்று தனி மருத்துவச் சான்றுப் படிவம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

தேர்வு

போட்டித் தேர்வு போன்ற எழுத்துத் தேர்வுகளுக்கு மத்திய அரசு 2018-ல் தந்த அளவு, மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல். சி.பி.எஸ்.இ.-யில் மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். நம் மாநிலப் பாடத்திட்டத்திலும் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு, கணக்குக்குக் கால்குலேட்டர் என்று சலுகைகள் உண்டு. பள்ளி வழியாகத்தான் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும். பத்தாம் வகுப்புத் தொடங்கும்போது நினைத்தால் மூச்சு வாங்கும். ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுக்குள் எல்லாத் தாள்களும் தயாராக இருக்கட்டும்.

சலுகை கிடைத்ததும் வேலை முடிந்துவிடாது. சொல்வதை எழுதுபவரை வைத்து எழுதுவது ஒரு தனிப் பழக்கம். பழகாத பிள்ளை விடை தெரிந்தும் திணறுவான். ‘இதுக்குத் தலைப்பு போடுங்க, அடுத்த பாயிண்ட் புது வரில, இந்தப் படத்துல அம்புக்குறி இங்க’ என்றெல்லாம் சொல்லத் தெரிய வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து வகுப்புத் தேர்வுகளிலேயே இதைப் பழக்கச் சொல்லிப் பள்ளியிடம் கேளுங்கள். கூடுதல் ஒரு மணி நேரம் என்பது நான்கு மணி நேரம் உட்காருவது. அந்த உடல் சோர்வுக்கும் பழக வேண்டும். மொழி விலக்கு வாங்குவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். தேர்விலிருந்து விலக்கு வாங்கலாம், அந்த மொழியிலிருந்தே பிள்ளையை விலக்கிவிடாதீர்கள். வழக்கமான பள்ளி எந்த வகையிலும் ஒத்துவராத பிள்ளைகளுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருக்கிறது. பாடங்களைத் தேர்ந்தெடுக்கலாம்; ஐந்து வருடத்துக்குள் ஒவ்வொரு தாளாகவும் எழுதி முடிக்கலாம்.

சொல்லிக்கொடுப்பது

இனி நோட்டுக்குத் திரும்புவோம், ஏனென்றால் இதுதான் மருந்து. அந்தப் பையனுக்கு நெடிலும் நடு ஒற்றும்தான் சிக்கல் என்று பார்த்தோம். நம் இலக்கணத்தில் அதற்கு ஏற்கெனவே அளவு இருக்கிறது: குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை. அவனோடு முதல் மூன்று வாரம் பென்சிலையே தொடவில்லை. குறில் வந்தால் தொடையில் ஒரு தட்டு. நெடில் வந்தால் தட்டி, கையை முழங்கால் வரை இழுக்க வேண்டும். ஒற்று வந்தால் விரலைச் சொடுக்க வேண்டும். ‘வா-ன-ம்’: இழுப்பு, தட்டு, சொடுக்கு. ‘வ-ன-ம்’: தட்டு, தட்டு, சொடுக்கு. முதல் நாள் இரண்டும் அவனுக்கு ஒன்றாகவே இருந்தன. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ ‘பாட்டு’, ‘பட்டு’ என்று சொன்னபோது, கை இழுபடும் வேகத்திலேயே நிறுத்தி, “மிஸ், இது வேற!” என்றான்.

அதற்குப் பிறகு அரிசி பரப்பிய தட்டில் எழுதினோம். விஜயதசமிக்கு ஒருநாள் மட்டும் செய்துவிட்டு நிறுத்திவிடுகிறோமே, அதைத் தினமும் செய்தோம். வாய் சொல்ல, காது கேட்க, விரல் அரிசியில் போக, கண் பார்க்க, நான்கும் ஒரே நேரத்தில். நெடிலுக்கான குறியை மட்டும் வேறு நிறப் பென்சிலால் எழுதவைத்தேன். கொம்பு, கால் தடுமாற்றம் உள்ள பிள்ளைக்கு அட்டைகள் வெட்டுங்கள்: ‘க்’ ஒரு அட்டை, ‘ஒ’ ஒரு அட்டை, சேர்த்துவைத்துச் சொல்லிவிட்டு ‘கொ’ அட்டையைத் திருப்பிக் காட்டுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு குறிதான். இன்னொன்றுக்கு அவசரப்பட வேண்டாம்.

வீட்டில் தினமும் இருபது நிமிடம் போதும். பிள்ளை களைத்திருக்கும் இரவு எட்டு மணிக்கு இல்லை, விளையாடிவிட்டு வந்து ஏதாவது சாப்பிட்ட பிறகு. அதற்கு மேல் இழுத்தால் இருவருக்கும் அழுகைதான் மிஞ்சும். அறிவியல், சமூகவியல் பாடங்களை நீங்களே வாசித்துக் காட்டுங்கள், அல்லது அலைபேசியில் உரையை உரக்கப் படிக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். படிக்க வராததால் பாடமே தெரியாமல் போகக் கூடாது. வாசிப்பைத் தனியாகப் பழகட்டும், பாடத்தைக் காதால் கற்கட்டும். மாலை நேரத்தை முழுக்க டியூஷனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். தவிலோ கபடியோ படம் வரைவதோ, அவனுக்குக் கைவந்த ஒன்றை மார்க் குறைந்ததற்குத் தண்டனையாக நிறுத்துவதைப் போல ஒரு கொடுமை இல்லை. நாள் முழுக்கத் தோற்றுவிட்டு வரும் பிள்ளை ஜெயிக்கும் ஒரே இடம் அது.

பணத்தை விடும் இடங்களும் இருக்கின்றன. கற்றல் குறைபாட்டைப் போக்கும் மாத்திரை கிடையாது. நிறக் கண்ணாடி, கண் தசைப் பயிற்சி, கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கவைக்கும் ‘மிட் பிரெயின்’ வகுப்பு எதற்கும் இதில் பலன் இருப்பதாகச் சான்று இல்லை. வல்லாரைக் கீரை செய்து கொடுங்கள், நல்ல கீரை. ஆனால் அதை நம்பி ஆறு மாதத்தைக் கழித்துவிடாதீர்கள். சிறப்பாசிரியரிடம் அனுப்பினால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எதை எட்ட நினைக்கிறார், எப்படி அளக்கிறார் என்று எழுத்தில் கேளுங்கள். ‘நல்லா வர்றான்’ என்பது பதில் இல்லை. ‘நெடில் உள்ள இருபது சொற்களில் ஜூனில் 6, செப்டம்பரில் 15’ என்பதுதான் பதில்.

ஒரு ஃபைல்

கடையில் கிடைக்கும் தடிமனான கிளிப் ஃபைல் ஒன்று வாங்குங்கள். முதலில் கண், காது பரிசோதனைச் சீட்டுகள். பிறகு உளவியலாளரின் அறிக்கை, சான்றிதழ், யுடிஐடி அட்டையின் நகல்கள். அசலை வீட்டுப் பீரோவில் வையுங்கள், பள்ளிக்கு நகல் மட்டும். பள்ளிக்கு எழுதிக் கொடுத்த ஒவ்வொரு கடிதத்தின் நகலிலும் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். கடைசியில் நோட்டுப் பக்கங்கள், மூன்று மாதத்துக்கு ஒன்று, தேதி போட்டு. வகுப்பாசிரியர் மாறும் ஒவ்வொரு ஜூனிலும் முதல் வாரத்திலேயே இந்த ஃபைலோடு போய் ஐந்து நிமிடம் பேசுங்கள். சென்ற வருட ஆசிரியர் சொல்லியிருப்பார் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

ஃபைலின் உள்ளட்டையில், பிள்ளைக்கு 14 வயது நிறையும் தேதியைப் பெரிதாக எழுதுங்கள். அதற்கு மூன்று மாதம் முந்தைய தேதியை அதன் கீழே எழுதுங்கள். மறுசோதனைக்கு நேரம் வாங்க வேண்டிய நாள் அது.